நம்பர் பிளேட்டில் ஒரு விளம்பரம்

வண்டிக்கு நம்பர் பிளேட் எதற்கு என்று கேட்டால், வண்டி யாருடையது என்று கண்டுபிடிப்பதற்கு என்போம். அமெரிக்காவில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் நம்பர் பிளேட்டைத் தானே வடிவமைக்கிறது. பல மாநிலங்கள் அதையே சுற்றுலா விளம்பரமாகவும் ஆக்கிவிட்டன. அங்குள்ள பிள்ளைகளைப் பார்த்து வந்த அன்பர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ரயில்வேயில் வாகன் எண்களோடும் ஸ்டேஷன் பலகைகளோடும் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு.

1901-ல் நியூயார்க் மாநிலம் வண்டிகளுக்கு அடையாளம் வேண்டும் என்று சட்டம் போட்டது. அப்போது பலகையைச் சொந்தக்காரரே செய்துகொள்ள வேண்டும். அதில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் இருக்கும். 1903-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் தானே பிளேட் தயாரித்துக் கொடுத்தது. 1928-ல் ஐடஹோ மாநிலம் பிளேட் முழுவதும் ஓர் உருளைக்கிழங்கை வரைந்து, அதன்மேல் எண்ணைப் பதித்தது. விளைபொருளுக்கு வந்த இந்த யோசனை பிறகு ஊர்களுக்கும் வந்தது. 1936-ல் மெய்ன் மாநிலம் தன்னை 'விடுமுறை நாடு' என்று பிளேட்டில் எழுதிக்கொண்டது. அரிசோனா கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கையும், புளோரிடா தன் வெயிலையும், மின்னசோட்டா தன் பத்தாயிரம் ஏரிகளையும் சொல்லிக்கொண்டன.

இதிலுள்ள கணக்கு எளிது. பிளேட் எப்படியும் செய்தாக வேண்டும். நாலு வார்த்தை கூடுதலாகப் போடுவதற்குப் பெரிய செலவில்லை. அந்த வண்டி பக்கத்து மாநிலங்களுக்கெல்லாம் போகும். கடை வாசலில் நிற்கும். வாடகை இல்லாத விளம்பரப் பலகை! 1950-களின் நடுவில் எல்லா மாநிலங்களுக்கும் 12 அங்குல நீளம், 6 அங்குல உயரம் என்று ஒரே அளவு வந்தது. பிறகு ஒளியைத் திருப்பியனுப்பும் தாளில் வண்ணப் படத்தை அச்சிட்டு அலுமினியத் தகட்டில் ஒட்டும் முறை வந்ததும், மலையும் அருவியும் பிளேட்டில் ஏறிவிட்டன. 2001-ல் வந்த நியூயார்க் பிளேட்டில் நயாகரா அருவியே இருந்தது.

இதில் தகராறுகளும் வந்தன. யூட்டா மாநிலம் பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்றது. 'கிரேட்டஸ்ட் ஸ்நோ ஆன் எர்த்' என்று 1985 முதல் அது பிளேட்டில் போட்டது. 'கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்' எங்களுடையது என்று ரிங்லிங் சர்க்கஸ் கம்பெனி வழக்குப் போட்டது. மாநிலமே 1999-ல் வென்றது.

இதைவிட ஆழமானது நியூ ஹாம்ப்ஷயர் வழக்கு. அங்கே முன்பு 'எழில்மிக்க' என்ற பொருளுள்ள ஒரு சொல்தான் பிளேட்டில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்ற மாநிலக் கொள்கை வாசகத்தைப் போட்டார்கள். ஜார்ஜ் மேனார்ட் என்பவர், தம் மத நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று அந்த வாசகத்தை மறைத்தார். அபராதம் கட்ட மறுத்து 15 நாள் சிறையிலும் இருந்தார். அரசின் கருத்தை ஒரு குடிமகன் தன் வண்டியில் சுமந்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாநிலத்தின் பிளேட்டில் மலைமேல் மனித முகம்போலத் தெரியும் ஒரு பாறையின் படம் உண்டு. 2003 மே மாதம் அந்தப் பாறை சரிந்து விழுந்துவிட்டது. படம் மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது.

நம் நாட்டிலோ இதற்கு இடமே இல்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றே. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசர் எண்ணும் கொண்ட உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயமாயிற்று. மாநிலத்துக்கென்று இருப்பது இரண்டே எழுத்துகள். அந்த இரண்டு எழுத்துகளுக்கே எவ்வளவு மதிப்பு பாருங்கள்! தெலங்கானா 2024-ல் தன் 'டிஎஸ்' குறியீட்டை 'டிஜி' என்று மாற்றிக்கொண்டது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கும் சாலையில் ஒரு 'டிஎன்' லாரியைக் கண்டால் மனம் கொஞ்சம் துள்ளத்தான் செய்கிறது. அதே சமயம், அடிக்கடி மாற்றலாகும் ஊழியர்களுக்காக 2021-ல் வந்த 'பிஎச்' வரிசையில் மாநில எழுத்தே கிடையாது. மறுபதிவுக்கு அலையும் தொல்லை நீங்குகிறது. ஊர் அடையாளமும் கூடவே நீங்குகிறது.

நம் பிளேட்டிலும் கோபுரம், அருவி என்று படம் போடலாமே என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். என் கருத்து வேறு. இரவில் யார்டில் விளக்கைப் பிடித்து வாகன் எண்ணைக் குறித்தவர்களுக்குத் தெரியும்: ஓர் எண் பளிச்சென்று படிக்கப்படவில்லை என்றால் அது இருந்தும் பயனில்லை. விபத்து செய்துவிட்டு ஓடும் வண்டியைப் பார்த்தவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிதான். அந்த விநாடியில் கண் படத்துக்குப் போகக்கூடாது, எண்ணுக்குப் போகவேண்டும்.

ஊரின் அழகைச் சொல்ல பஸ்ஸின் பக்கவாட்டும் ரயில் பெட்டியும் ஸ்டேஷன் சுவரும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக நாம் இருக்கிறோம். பக்கத்து வீட்டு மராத்தியரோ வங்காளியோ, "உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், உட்கார வைத்து ஒரு காபி கொடுத்துச் சொல்லுங்கள். எந்தப் பிளேட்டும் அவ்வளவு சொல்லாது.