முதுகைத் தாங்கும் தண்ணீர்

'வாட்டர் பெட்' என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்கள்தான். படுக்கைப் புண் வராமலிருக்க மெடிக்கல் கடையில் வாங்கி வந்து, மெத்தைமேல் விரித்துத் தண்ணீர் நிரப்புவோம். அது பிறந்ததும் அதற்காகத்தான். 1830களில் ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் ஆர்னாட், தொட்டி நீரின்மேல் ரப்பர் பூசிய துணியை விரித்து நோயாளிகளைப் படுக்கவைத்தார்.

முதுகு வலிக்கும் இது உதவுமா?

வெறும் தரையில் மல்லாந்து காலை நீட்டிப் படுத்து, இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்குக் கை உள்ளே போகும். உடலின் பாரமெல்லாம் தோள்பட்டையிலும் புட்டத்திலும் குதிகாலிலும் இறங்க, கீழ்முதுகு மட்டும் பிடிமானமின்றி நிற்கிறது. தண்ணீர் அந்தக் குழிவுக்குள்ளும் வந்து நிற்கும். 60 கிலோ எடையுள்ளவர் தளர்வான நீர்மெத்தையில் படுத்தால் சுமார் 60 லிட்டர் நீர் விலகி இடம் கொடுக்கிறது. பாரம் ஓரிடத்தில் குவியாமல் உடல் முழுக்கப் பரவுகிறது.

இன்றைய நீர்க்கட்டிலை 1968இல் உருவாக்கியவர் சார்லஸ் ஹால், சான்பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பு படித்த மாணவர். முதலில் சோளமாவுக் கரைசல் நிரப்பிய நாற்காலி, பிறகு ஜெல்லி என்று முயன்று, கடைசியில் தண்ணீருக்கு வந்தார். ஹீட்டரும் சேர்த்தார். தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் அது அவசியம்; இறுகிய தசைக்கு அந்த இளஞ்சூடு ஒத்தடம்போல இதமளிக்கும்.

டென்மார்க்கில் நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 160 பேரை ஒரு மாதம் நீர்மெத்தை, உடல்வாகுக்கு அமுங்கும் நுரைமெத்தை, கடினமான மெத்தை என மூன்றில் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. முதல் இரண்டும் கடினமானதைவிடச் சற்று மேல், வித்தியாசம் சிறிதுதான். ஆகவே இதை வைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'முதுகு வலியா, கட்டாந்தரையில் படு' என்ற அறிவுரையை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதை நிறுத்தலாம்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது நீரின் அளவு. குறைந்தால் இடுப்பு ஆழ அமுங்கி முதுகு தொட்டில்போல வளையும். மிகுந்தால் மெத்தை மத்தளம்போல விறைத்து, தரையில் படுத்த கதைதான். உள்ளே நார் அடுக்குகள் வைத்த மெத்தையில் அலையாட்டம் குறைவு. காலையில் எழும்போது மெத்தையில் கையூன்றினால் கை அமிழ்ந்துவிடும். ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழ வேண்டும்.