படம் பார், ஸ்டேஷன் சொல்

வெட்டுக்கிளி படத்தைக் காட்டி, இது எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். மெக்சிகோ நகரவாசி யோசிக்காமல் 'சாபுல்தெபெக்' என்பார். 1969-இல் அங்கே சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோதே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு சின்னம் வைத்துவிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் சரியாக இறங்கிவிடலாம். வடிவமைத்தது லான்ஸ் வைமன் குழு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் சின்னத்தில் கைவண்ணம் காட்டிய அதே அமெரிக்கர்தான்.

இவற்றில் சுவாரசியமானது பினோ சுவாரெஸ் ஸ்டேஷன். சுரங்கம் தோண்டும்போது, காற்றுக் கடவுள் ஏகாட்லுக்கு அஸ்டெக் மக்கள் எழுப்பிய வட்டப் பீடம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அதை இடிக்காமல், சுற்றியே ஸ்டேஷனைக் கட்டினார்கள். சின்னமும் அந்தப் பீடமே! ரயில் மாறுகிறவர்கள் தினமும் அதன் ஓரமாகத்தான் ஓடுகிறார்கள். நின்று பார்க்க யாருக்கு நேரம்?