மின்னோட்டத்தால் உடலின் உட்படம்

நோயாளியின் மார்பைச் சுற்றி 16 மின்வாய்களைப் பொருத்தி, அவர் உணரமுடியாத சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, நுரையீரலில் காற்று புகுவதையும் வெளியேறுவதையும் திரையில் காணலாம். இதற்கு மின்தடைப் படமுறை என்று பெயர்.

இதன் தத்துவம் எளியது. இரத்தம் மின்சாரத்தை நன்கு கடத்துகிறது. கொழுப்பும் எலும்பும் அவ்வாறு கடத்துவதில்லை. மூச்சை ஆழ்ந்து இழுக்கும்போது நுரையீரலின் மின்தடை ஏறத்தாழ இருமடங்காகிறது. அடுத்தடுத்த இரு மின்வாய்களின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, மற்ற மின்வாய்களில் அடுத்தடுத்த இணைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்கின்றனர். ஒரு நிலைக்கு 13 அளவீடுகளாக, 16 நிலைகளுக்கு 208 அளவீடுகள் கிடைக்கின்றன. இவற்றிலிருந்து கணிப்பொறி குறுக்குவெட்டுப் படத்தை வகுக்கிறது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெண்டர்சன், வெப்ஸ்டர் ஆகியோர் மார்பின் மின்தடைப் படங்களை வெளியிட்டனர். 1980களில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் பார்பர், பிரௌன் ஆகியோர் 16 மின்வாய் அமைப்பை உருவாக்கினர்.

எனினும் படத்தின் தரம் கணிப்பொறியால் மட்டும் அமைவதன்று. அளவிடும் மின்சுற்றே அதன் அடித்தளம். வியர்வையாலும் அசைவாலும் தோலின் தொடுதடை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே மின்னோட்டம் செலுத்தும் மின்வாய்கள் வேறு, மின்னழுத்தம் அளக்கும் மின்வாய்கள் வேறு என்று பிரிக்கின்றனர். தடை எவ்வாறு மாறினும் மாறாத மின்னோட்டத்தைத் தரும் ஊற்றும் தேவை. ஹவ்லண்டு சுற்று இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

இங்குதான் இடர் எழுகிறது. கம்பிவடத்தில் 50 பைக்கோபாரட் மின்கொள்திறன் இருப்பதாகக் கொள்வோம். 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் மறிப்பு ஏறத்தாழ 64 கிலோஓம். 500 கிலோஹெர்ட்ஸில் 6.4 கிலோஓம் மட்டுமே. மின்னோட்டத்தின் ஒரு பகுதி உடலுக்குள் செல்லாமல் இவ்வழியே கசிந்துவிடும். சிறு மாறுதல்களிலிருந்தே படம் பிறப்பதால், இக்கசிவு படத்தையே திரித்துவிடும். வடத்தின் உறைக்கும் உட்கம்பியின் அதே மின்னழுத்தத்தை அளித்து, இக்கசிவை வெகுவாகக் குறைக்கலாம்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இத்துறையில் ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது. 2011இல் அங்குள்ள ஆய்வாளர்கள், கோழித் திசுவால் அமைத்த மாதிரியைக் கொண்டு இவ்வகை அமைப்பைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். பொருளின் இடமும் அளவும் முன்னரே தெரிந்த மாதிரியில் பிழையைக் கண்டறிந்த பின்னரே கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்வது முறை.

இப்படம் எக்ஸ்-கதிர் படத்தைப்போல் நுட்பமானதன்று. விளிம்புகள் மங்கியே தெரியும். ஆயினும் கதிர்வீச்சு இல்லாமையால், செயற்கைச் சுவாசத்தில் உள்ள நோயாளியைப் படுக்கையிலேயே மணிக்கணக்கில் கண்காணிக்க இயலும். நுரையீரலின் எப்பகுதிக்குக் காற்று எட்டவில்லை என்பதை மருத்துவர் உடனே அறிந்து, கருவியின் அழுத்தத்தைத் திருத்தலாம். அத்தீர்ப்பு, சில மில்லிஆம்பியருக்கு மேற்படாத ஒரு மின்னோட்டம் நிலையாக நிற்பதைப் பொறுத்திருக்கிறது.