கிணற்று நீரேற்றக் கோளாறு

கிணற்று நீரேற்றக் கோளாறு என்பது சொந்தக் கிணறுள்ள வீட்டில் மோட்டார் ஓடியும் தொட்டிக்கு நீர் ஏறாத நிலை ஆகும். இந்நிலையில் முதலில் நீர்மட்டத்தை அளத்தல் வேண்டும். தரையில் பொருத்திய மோட்டார் வளிமண்டல அழுத்தத்தின் துணையால் நீரை உறிஞ்சுவதால், நடைமுறையில் சுமார் 7 மீட்டர் ஆழத்திற்குக் கீழுள்ள நீரை எடுக்க இயலாது. நீர்மட்டம் அதற்கு மேல் இருப்பின், குழாயில் காற்றுப் புகுதல், உறிஞ்சுகுழாயின் அடியிலுள்ள புட்வால்வில் கசிவு ஆகியவற்றைச் சோதிக்கலாம். கீழே இருப்பின், கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் தேவைப்படும்.

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் மிகுந்த அழுத்தமுள்ள நிலத்தடி நீர் உள்ளது. அது சுரங்கத்தினுள் பீறிடாதிருக்க ஆழ்துளைக் கிணறுகள் வழியே தொடர்ந்து வெளியேற்றப்படுகிறது. இதனால் அதே நீரடுக்கைச் சார்ந்த சுற்றுப்புறக் கிணறுகளில் நீர்மட்டம் தாழும். அவ்வாறு தாழ்ந்த கிணற்றில், பழைய வகை மோட்டாரையே புதிதாக வாங்கிப் பொருத்தினாலும் நீர் ஏறாது.