மோட்டார் சைக்கிளுக்கான ஸ்டீரியோ ஹெட் யூனிட்

ஹெட் யூனிட் என்பது வாகன ஒலியமைப்பின் தலைமைக் கருவியாகும். பண்பலை வானொலி, யூஎஸ்பி, புளூடூத் ஆகியவற்றிலிருந்து வரும் ஒலிக்குறிப்பைப் பெற்று, உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையர் மூலம் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவது இதன் பணி. காரில் இக்கருவியைப் பெரும்பாலும் ஒலித்தரம், வசதி ஆகியவற்றைப் பார்த்துத் தெரிவு செய்வர். மோட்டார் சைக்கிளிலோ வண்டி தரக்கூடிய மின்சாரம், மழை, அதிர்வு, காற்றின் இரைச்சல் ஆகிய நான்குமே தெரிவைத் தீர்மானிக்கின்றன.

பின்னணி

ஹோண்டா கோல்டு விங் போன்ற நெடுந்தொலைவுப் பயண வண்டிகளில் 1980-களிலேயே வானொலியும் ஒலிநாடாக் கருவியும் பொருத்தப்பட்டன. அவை பெரிய காற்றுத்தடுப்புக் கூடும் வலுவான மின்னாக்கியும் கொண்டவை. 2001-இல் வந்த 1800 சிசி கோல்டு விங்கின் மின்னாக்கி ஆயிரம் வாட்டுக்கு மேல் தரவல்லது. தமிழ்நாட்டுச் சாலைகளில் மிகுதியாக ஓடுபவை 100 முதல் 350 சிசி வரையிலான வண்டிகள். திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டும் இவ்வகையே. இவற்றின் மின்னமைப்பு விளக்கு, ஹாரன், தீப்பொறி, செல்ஃப் ஸ்டார்ட் ஆகியவற்றுக்காகவே அளவிடப்பட்டது. பாட்டுக்கென்று மிச்சம் அதிகமில்லை.

வகைகள்

* கார் வகை: ஒற்றை டின் எனப்படும் இதன் முகப்பு ஏறத்தாழ 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது. விலை குறைவு. ஆனால் நீர்க்காப்பு இல்லை. பெட்டிக்குள் வைத்தே பொருத்த வேண்டும்.
* படகு மற்றும் மோட்டார் சைக்கிள் வகை: நீர், வெயில், அதிர்வு தாங்குமாறு செய்யப்பட்டது. அளவில் சிறியது, விலை கூடுதல்.
* திரையற்ற ஆம்ப்ளிஃபையர் பெட்டி: கைப்பேசியுடன் புளூடூத்தில் இணையும். இருக்கைக்கு அடியில் அடங்கும்.

மின்சாரக் கணக்கு

பெட்டியின் மேல் "4×50 வாட்" என்று அச்சிட்டிருந்தால் அது உச்ச அளவு. இத்தகைய கருவி தொடர்ச்சியாகத் தருவது ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 20 வாட்டே. ஆகவே ஆர்எம்எஸ் அளவையே பார்க்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரின் வகையும் முக்கியம். ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் எடுக்கும் மின்சாரத்தில் பாதியளவே ஒலிக்குப் போகும், மீதி வெப்பமாகும். டி வகுப்பில் 85 விழுக்காட்டுக்கு மேல் பயன்படும். மொத்தம் 20 வாட் ஒலிக்கு முன்னதற்கு ஏறத்தாழ 40 வாட்டும் பின்னதற்கு 24 வாட்டும் தேவை. 2017 முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்பதால், 35 வாட் பல்பு உள்ள வண்டியில் அந்தச் செலவு பகலிலும் உண்டு. எனவே சிறிய வண்டிக்கு டி வகுப்பே ஏற்றது.

அணைத்த பின்னும் சில கருவிகள் நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைக்கச் சிறிது மின்சாரம் எடுக்கும். அது 20 மில்லியாம்பியர் என்றாலும் 3 ஆம்பியர்-மணி பேட்டரி 150 மணி நேரத்தில், அதாவது ஆறு நாளில், வடிந்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்புபவர் வண்டி கிளம்பாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். பொதுவாக மஞ்சள் கம்பி நேரடி மின்சாரத்துக்கும், சிவப்பு சாவி வழி மின்சாரத்துக்கும், கறுப்பு எர்த்துக்கும் உரியவை. நினைவு வசதி தேவையில்லையெனில் மஞ்சளையும் சாவி வழியே இணைக்கலாம். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைப்பது கட்டாயம்.

ஒலியளவு

வாட்டை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு உரத்துக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட், வேண்டும். மாறாக, 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் உள்ளதை வாங்கினால் பாதி மின்சாரத்தில் அதே ஒலி கிடைக்கும். ஸ்பீக்கரின் ஓம் அளவு கருவி அனுமதிக்கும் அளவுக்குக் குறையக் கூடாது. பொதுவாக அது 4 ஓம்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலே சுமார் 100 டெசிபலை எட்டக்கூடும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்பது பாதுகாப்பின் எல்லை என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கூறுகிறது. அக்கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடமே. காற்றை வெல்லப் பாட்டைக் கூட்டுவது செவியைக் கெடுக்கும். பின்னால் வரும் லாரியின் ஹாரனையும் மறைக்கும். ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது கேட்கும் அளவுக்குத் தெரிவு செய்தாலே போதும்.

நீர், தூசி, அதிர்வு

ஐபி தரக்குறியின் முதல் எண் தூசிக்கும் இரண்டாவது நீருக்கும் உரியது. ஐபி65 தூசி புகாதது, நீர்ப்பீச்சைத் தாங்கும். ஐபி67 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் ஓடும் வண்டிக்கு 65-க்குக் குறையாதது நல்லது. சுழலும் வட்டுள்ள பழைய சிடி கருவிகள் அதிர்வில் தாவும்; யூஎஸ்பி வகையில் அச்சிக்கல் இல்லை.

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களில் சென்னைப் பண்பலை அலைகள் தொலைவாலும் குன்றுகளாலும் நலிவுறும். அங்கே வானொலிக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட யூஎஸ்பி, புளூடூத் நன்றாக உள்ளதை வாங்கலாம். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து இரையும் ஒலி கேட்டால் ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக்கும் சரியான எர்த் இணைப்பும் பெரும்பாலும் அதைக் குறைக்கும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வரையறையிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான அமைதி மண்டலத்தில் அது 50, 40 ஆகும்.

பொருத்திய பின் சோதனை

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். விளக்கும் பாட்டும் ஓட, ஓட்டும் வேகத்தில் அது 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி சரிவர ஏறாது. நின்ற நிலையில் பாட்டை வைத்து ஹாரனை அழுத்திப் பார்க்க வேண்டும். ஹாரன் கம்மினாலோ விளக்கு மங்கினாலோ அக்கருவி அந்த வண்டிக்குப் பெரிது.