வெட்டினால் போகாத தழும்பு



நாம் பிறந்து வளர்ந்த ஊர் ஒலுவில். அங்கே எமது சாச்சியின் மகள் பதினாறு வயதில் காதில் இரண்டாவது ஓட்டை குத்தினாள். புண் ஆறிய சில மாதத்தில் அதே இடத்தில் புளியங்கொட்டை அளவு கட்டி வந்தது. இரண்டு வருசம் முக்காட்டுக்குள் மறைத்தே வைத்திருந்தாள். பிறகு ஓரிடத்தில் வெட்டி எடுத்தார்கள். "சனி விட்டுச்சு" என்றிருந்தோம். ஒரு வருசத்துக்குள் முன்னையதை விடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

இங்கே தோட்டத்திலும் தலைத்துண்டுக்குள் காதை மறைக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இது என்ன?

காயம் ஆறும்போது உடம்பு ஒருவகை நார்ப்பொருளால் அந்த இடத்தை அடைக்கிறது. சிலருக்கு அந்த வேலை அளவோடு நிற்பதில்லை. தழும்பு தடித்துப் புடைக்கும். இதில் இரண்டு வகை உண்டு.

1. காயம் பட்ட எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது. இது காலப்போக்கில் தானாகவே கொஞ்சம் தணியும்.

2. எல்லை தாண்டி நல்ல தோலிலும் பரவுவது. இதுதான் 'கீலொயிட்'. நண்டுக் கொடுக்குப் போலப் பரவுவதால், சுமார் 200 வருசத்துக்கு முன் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் அலிபெர் இந்தப் பெயரை வைத்தார். இது தானாகப் போவது அரிது.

காது, நெஞ்சு, தோள், தடுப்பூசி போட்ட புஜம் ஆகிய இடங்களில் அதிகம் வரும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கும், 10 முதல் 30 வயதுக்காரருக்கும், சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். அரிக்கும், நோகும். ஆனால் இது புற்றுநோய் அல்ல, தொற்றவும் மாட்டாது.

சிகிச்சை என்ன?

தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினோலோன் என்ற ஊசி போடுவார்கள். ஏறக்குறைய மாதம் ஒரு தடவை, பல தடவை போட வேண்டும். சிலிக்கோன் ஒட்டுத்தாளை நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல், சில மாதம் ஒட்டி வைப்பதும் உண்டு. உறைய வைக்கும் சிகிச்சையும் உண்டு. வெறுமனே வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும். வெட்டத்தான் வேண்டுமென்றால் அதோடு ஊசியோ கதிர்ச் சிகிச்சையோ சேர வேண்டும். இரண்டு ஊசியோடு "சரி வராது" என்று நிறுத்திவிடாதீர்கள். பொறுமை வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

- குடும்பத்தில் யாருக்காவது இப்படித் தழும்பு இருந்தால், பிள்ளைக்குத் தேவையில்லாமல் மேலதிக ஓட்டை குத்த வேண்டாம்.
- சுடுநீர் பட்டால் உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை பூச வேண்டாம். மூன்று கிழமைக்கு மேல் ஆறாத தீப்புண்தான் அதிகம் புடைக்கும்.
- கவ்வாத்துக் கத்தி வெட்டினால் அன்றைக்கே கழுவி மருந்து கட்டுங்கள்.
- தழும்பில் சுண்ணாம்பு பூசுவது, நூல் கட்டுவது, பிளேட்டால் சீவுவது கூடவே கூடாது.

தழும்பு சிறிதாக இருக்கும்போதே தோட்ட வைத்தியரிடம் காட்டிக் கடிதம் வாங்குங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக் உண்டு; காசு கேட்க மாட்டார்கள். கிளினிக் நாளுக்கு லீவு எடுப்பதில் கஷ்டம் என்றால் எம்மிடம் வாருங்கள், துரையிடம் பேசுவோம்.

எமது சாச்சியின் மகளுக்கும் பிறகு ஊசிதான் போட்டார்கள். கட்டி முழுதாகப் போகவில்லை. தட்டையாகிவிட்டது, அரிப்பும் நின்றது. முதலிலேயே போயிருந்தால் இரண்டு வருசம் ஒளித்திருக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளையின் தலைத்துண்டை இன்றைக்கே ஒருக்கா விலக்கிப் பாருங்கள்.