அழுத்தமா, இழுவிசையா? பாக்டீரியச் சவ்வுக் கால்வாய்வழி ஒரு கலைச்சொல் விளக்கம்

'டென்ஷன்' என்னும் சொல்லை 'மன அழுத்தம்', 'உயர் அழுத்த மின்கம்பி' என அழுத்தமாகவே வழங்கிப் பழகிவிட்டோம். இயற்பியலில் இவ்வழக்குப் பொருந்தாது. அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின்மீது செங்குத்தாகச் செயற்படும் விசை. சவ்வின் இழுவிசையோ அதன் தளத்திலேயே ஓரலகு நீளத்திற்குச் செயற்படுவது. இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையை ஒரு புரதத்தின்வழி ஈண்டு விளக்க முனைகிறோம்.

உப்புச் செறிவு மிக்க சூழலிலுள்ள ஈ.கோலி பாக்டீரியா திடீரென நன்னீரை அடையுமாயின், சவ்வூடுபரவலால் நீர் உட்புகுந்து அதன் சவ்வு கிழியும் நிலை ஏற்படும். அவ்வேளையில் எம்.எஸ்.சி.எல்., எம்.எஸ்.சி.எஸ். ஆகிய கால்வாய்கள் திறந்து கரைபொருள்களை வெளியேற்றுகின்றன. இவ்விரண்டையும் இழந்த பாக்டீரியாக்கள் அத்தகைய அதிர்ச்சியில் மடிகின்றன என்பது 1999இல் நிறுவப்பட்டது.

எம்.எஸ்.சி.எல். கால்வாயை மூடிய நிலை, திறந்த நிலை என இரு நிலைகளாகக் கொள்வதே எளிய இயற்பியல் மாதிரியாகும். திறக்கும்போது சவ்வில் அது அடைத்துக்கொள்ளும் பரப்பு ஏறத்தாழ 20 சதுர நானோமீட்டர் கூடுகிறது. இழுவிசையை இப்பரப்பு மாற்றத்தால் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல், திறப்பதற்கான ஆற்றற்செலவை ஈடுசெய்யும் புள்ளியில் கால்வாய் திறந்திருக்கும் வாய்ப்புச் சரிபாதியாகிறது. அவ்விழுவிசை மீட்டருக்குச் சுமார் 10 மில்லிநியூட்டன். ஆற்றலோ வெப்ப ஆற்றல் அலகைப்போல் ஏறக்குறைய 50 மடங்கு.

இவ்விடத்தில் 'அழுத்தம்' என்று எழுதினால் மாதிரியே பிழையாகிவிடும். கோளவடிவச் சவ்வின் இழுவிசை, உள்வெளி அழுத்த வேறுபாட்டை ஆரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்துப் பெறப்படுவது. 0.5 மைக்ரோமீட்டர் ஆரமுடைய கோளத்தில் மேற்கண்ட இழுவிசையை எழுப்ப 40,000 பாஸ்கல் வேண்டும். ஆரம் இருமடங்கானால் 20,000 பாஸ்கலே போதும். எனவே, கால்வாய் 'இன்ன அழுத்தத்தில் திறக்கும்' என்பது கோளத்திற்குக் கோளம் மாறும் கூற்று. 'இன்ன இழுவிசையில் திறக்கும்' என்பதே கால்வாயின் இயல்பைச் சுட்டும் கூற்று. அதுவும் சவ்வின் கொழுப்பமைப்பைப் பொறுத்துச் சற்று மாறும். மெல்லிய சவ்வில் கால்வாய் எளிதில் திறக்கிறது.

'பரப்பு இழுவிசை' என்னும் தொடர் நம் பாடநூல்களில் முன்னரே நிலைபெற்றுள்ளது. புதுச்சொல் தேட வேண்டுவதில்லை; இருக்கும் சொல்லை அதற்குரிய இடத்தில் பிறழாது ஆளுதலே போதுமானது. சொல் மயங்கின் மாணவர் கணக்கும் மயங்கும் என்பதை ஆசிரியர்கள் கருத்திற்கொள்ளுதல் நலம்.